சின்னப்பொண்ணின் இரண்டு உயரம்

சின்னப்பொண்ணுக்கு உயரம் இரண்டு. வீட்டில் நாலு அடி எட்டு அங்குலம். கம்பெனியில் நாலு அடி பத்துக்குச் சற்றுக் குறைவு. வித்தியாசம் நாற்பத்தாறு மில்லிமீட்டர். அதில் முப்பத்தாறு சேஃப்டி ஷூவின் அடிப்பகுதி. மீதி பத்து, ஷூவுக்குள் அவள் போட்டிருந்த இரண்டு மெத்தைகள். அவள் காலுக்கு மூன்றாம் நம்பர் வேண்டும். பதினொரு வருஷமாக வந்தது ஐந்தாம் நம்பர். மெத்தை வைத்து, இரண்டு ஜோடி சாக்ஸ் மாட்டி, அதில் காலை நுழைப்பாள். "எல்லாருக்கும் ஷூ குடுத்தாங்க. எனக்கு மாடி கட்டிக் குடுத்துருக்கறாங்க" என்பாள்.

கம்பெனி கும்மிடிப்பூண்டி சிப்காட்டில். கார் கதவுகளின் ஓரத்தில் வருகிற ரப்பர் பட்டை செய்கிறார்கள். நாலாவது லைன் அவளுடையது. பட்டையின் விளிம்பில் பிசிறு இருந்தால் கண்ணுக்குத் தெரிவதற்கு முன் அவள் கட்டைவிரலுக்குத் தெரிந்துவிடும். மெஷினுக்குச் சூடு ஏறியிருப்பதை மணத்தில் சொல்வாள். சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிடுவாள். உட்கார்ந்தால் மேஜை கழுத்து வரை வந்துவிடும் என்பது காரணம். அதையும் அவளே சொல்லிச் சிரிப்பாள். அடுத்தவர் சிரிக்கிற வரைக்கும் காத்திருக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

அந்த லைனுக்கு லீடர் இடம் காலியானது. பதினொரு வருஷத்தில் மூன்று லீடர்களைப் பார்த்துவிட்டாள். மூன்று பேரும் ஆண்கள். மூன்று பேரும் சந்தேகம் வந்தால் அவளிடம்தான் வந்து நின்றார்கள். இந்த முறை அவளே ஷிப்ட் இன்சார்ஜ் யேசுதாஸ் முன்னால் போய் நின்றாள்.

"எனக்கு இன்னா சார் கொறை?"

"கொறைன்னு யாரும்மா சொன்னா? உன் பஸ்ஸு அஞ்சு அம்பத்தெட்டுக்கு உள்ள வருது. லீடர் அஞ்சே முக்காலுக்கு லைன்ல நிக்கணும். நைட் ஷிப்ட்காரன் போறதுக்குள்ள அவன் வாயப் புடுங்கி எந்த மெஷின் எப்பிடி ஓடுதுன்னு வாங்கணும். நீ இன்னா, பஸ்ஸ முன்னால தள்ளிக்கினு வருவியா?"

"வண்டில வரேன்."

"எந்த வண்டி?"

"எங்க ஊட்டுக்காரரு வண்டி."

பக்கத்து லைனில் யாரோ சிரித்தார்கள். யேசுதாஸ் சிரிக்கவில்லை. அது அவருக்கு வராது. காலண்டரைப் பார்த்தார். "அடுத்த திங்கள்லருந்து முப்பது வேலை நாளு. அஞ்சே முக்காலுக்கு பஞ்ச் வுழணும். ரெண்டு லேட்டு வரைக்கும் நான் கண்ண மூடிக்கிறேன். மூணாவது வுழுந்தா வேற ஆளப் போட்ருவேன். அப்பறம் என்னாண்ட வந்து அழக் கூடாது."

"நான் எப்ப சார் அழுதேன்?"

அது உண்மை. அவர் அடுத்த லைனுக்குப் போய்விட்டார்.

வீட்டுக்காரர் தேசப்பன் டிரெயிலர் ஓட்டுபவர். ஐந்து அடி பதினொரு அங்குலம். போனால் பத்து நாள், வந்தால் இரண்டு நாள். அவருடைய நூறு சிசி வண்டி, பெரியபாளையம் வழியிலிருக்கும் ஆரணிக்குப் பக்கத்திலிருந்த அவர்கள் வீட்டு வாசலில் சாக்குப்பை போர்த்தியபடி நிற்கும். சின்னப்பொண்ணுக்கு அதை ஓட்டத் தெரியும். கல்யாணமான புதிதில் வறண்ட ஏரிக்குள் தேசப்பன் கற்றுக்கொடுத்தது. கிளப்பிவிட ஓர் ஆள் வேண்டும், நிறுத்திப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும், நடுவில் யாரும் வேண்டாம். லைசென்ஸ்கூட வாங்கிவிட்டாள். டெஸ்ட்டில் எட்டு போடும்போது காலைக் கீழே ஊன்றக் கூடாது என்பது விதி. ஊன்ற நினைத்தாலும் அவளுக்கு எட்டாது. விதி அவளுக்கு வசதியாகப் போயிற்று.

ஆனால் கம்பெனிக்குப் போகும் வழியெல்லாம் ஓடிவந்து பிடிக்கத் தேசப்பன் இருக்கப்போவதில்லை. வண்டியைத்தான் இறக்கியாக வேண்டும்.

மகள் பூமிகா மெக்கானிக்கல் டிப்ளமோ. தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியின் குவாலிட்டி லேபில் வேலை. நாள் முழுக்க அளப்பது. உயரத்தில் அப்பாவைக் கொண்டவள். "சுமாரா", "கிட்டத்தட்ட" என்கிற வார்த்தைகள் அவளிடம் கிடையாது. அவள்தான் பொறுப்பேற்றாள். இடம், கவரப்பேட்டையில் ஹயாத் பாஷாவின் கடை. சீட் தைப்பவர், மெக்கானிக் இரண்டும் அவரே. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வருகிற சின்னப்பொண்ணு கவரப்பேட்டையில் இறங்கிக் கடைக்கு நேராக வருவாள். யூனிபார்ம், டிபன் கேரியர், கழுத்தில் அடையாள அட்டை. பூமிகா டேப்போடு காத்திருப்பாள்.

"ஸ்பிரிங்குல ரெண்டு சுத்து அறுத்துட்டா வேலை முடிஞ்சுது" என்றார் ஹயாத் பாஷா.

"அறுக்கக் கூடாது பாய். மிச்ச ஸ்பிரிங் விறைச்சிக்கும். பள்ளத்துல எறங்குனா முட்டிக்கும்."

"ஒரு வருசம் ஒண்ணும் ஆவாது."

"ஒரு வருசம் கழிச்சி?"

ஹயாத் பாஷா சின்னப்பொண்ணைப் பார்த்தார். "தங்கச்சி, இது உன் பொண்ணா, ஆர்டிஓ ஆபீசரா?"

"பாதிப் பாதி பாய். சொல்றத செஞ்சுருங்க. இல்லாட்டி நமக்கு ஊட்டுல சோறு கெடைக்காது."

மாட்டுகிற ஓட்டைக்கு ஓட்டை முப்பது மில்லிமீட்டர் குட்டையான வேறு ஷாக் அப்சார்பர்கள் பின்னால் மாட்டப்பட்டன. முன்பக்க ஃபோர்க் குழாய்கள் கிளாம்ப்பில் இருபத்திரண்டு மில்லிமீட்டர் மேலே தள்ளப்பட்டன. சீட்டு நுரை முப்பத்தெட்டு மில்லிமீட்டர் சீவப்பட்டது. தொடை விரிந்தால் கால் குட்டையாகும் என்று பூமிகா விளக்கியதும், சீட்டின் முன்பகுதியை ஹயாத் பாஷா தர்பூசணிக் கீற்றுபோல ஒடுக்கித் தைத்தார். கைப்பிடி பின்னால் திருப்பப்பட்டது. எழுநூற்றுத் தொண்ணூறாக இருந்த சீட்டு உயரம் எழுநூற்று இருபத்திரண்டுக்கு வந்தது. சின்னப்பொண்ணு ஏறி உட்கார்ந்தாள். இரண்டு பாதங்களின் முன்பாதியும் தரையில் பதிந்தன. கடைக்கு எதிரே ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தவர்கள்கூடக் கை தட்டினார்கள்.

அன்று சாயங்காலம் தேசப்பன் நாக்பூரிலிருந்து போன் செய்தார்.

"என் வண்டிய அறுக்கிறீங்களாமே?"

"வண்டிய இல்லய்யா. சீட்ட."

"சீட்டு மட்டும் யாரோடது?"

"நீ மாசத்துக்கு மூணு தபா வர்ற. வந்தா பின்னாடி உக்காந்துக்கோ. நான் ஓட்டறேன்."

அந்தப் பக்கத்திலிருந்து "மெதுவா போ, சின்னு" என்று மட்டும் கேட்டது.

அடுத்த நாளே வண்டி விழுந்தது. அவள் ஓட்டி அல்ல. வண்டி தாழ்ந்துவிட்டது, சைடு ஸ்டாண்டு அதே நீளத்தில் இருந்தது. வண்டி சாய்ந்து நிற்காமல் அட்டென்ஷனில் நின்றது. பக்கத்து வீட்டு ஆடு முதுகு சொறிய வந்து உரசியதும் அந்தப் பக்கமாகப் படுத்துக்கொண்டது. பூமிகா தலையில் அடித்துக்கொண்டு ஸ்டாண்டை அளந்தாள். ஹயாத் பாஷா அதில் இருபத்தைந்து மில்லிமீட்டர் வெட்டி, திரும்பப் பற்றவைத்தார். நடு ஸ்டாண்டைக் கழற்றியே கொடுத்துவிட்டார். ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

முதல் வாரம் ஆறு நாளும் சின்னப்பொண்ணு ஐந்து நாற்பதுக்கு உள்ளே இருந்தாள். விடியற்காலைச் சாலையில், டிரெயிலர்களுக்கு நடுவே, சேஃப்டி ஷூவும் ஹெல்மெட்டுமாக ஒரு சின்ன உருவம் போவதைப் பார்த்துப் பள்ளிக்கூடப் பிள்ளை என்று நினைத்து ஹாரன் அடித்தவர்கள் உண்டு. அவளும் திருப்பி அடித்தாள்.

ஏழாவது வேலை நாள் ஆடி ஒன்று.

பதினான்கு வருஷத்துக்கு முன், பூமிகாவுக்குப் பதினொரு வயதில் டெங்கு வந்தது. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போயின. பெரியபாளையத்தம்மனிடம் சின்னப்பொண்ணு வேண்டிக்கொண்டாள். பிள்ளை எழுந்து உட்கார்ந்தால் ஆயுசுக்கும் ஆடி மாதம் செருப்புப் போடாமல் நடக்கிறேன் என்று. பிள்ளை எழுந்து உட்கார்ந்தது. அன்றிலிருந்து ஆடி பிறந்தால் கையில் மஞ்சள் காப்பு, காலில் ஒன்றும் கிடையாது. கம்பெனிக்குள் மட்டும் ஷூ. ஊர்ப் பூசாரியிடம் கேட்டு அனுமதி வாங்கியிருந்தாள். "கேட்டுக்கு உள்ள போட்டுக்கோ. வெளிய வந்தா அம்மா எல்லை" என்று அவர் கோடு கிழித்துக் கொடுத்திருந்தார்.

அதனால் அந்தத் திங்கட்கிழமை ஷூவை லேஸால் முடிந்து டாங்க் மேல் தொங்கவிட்டுக்கொண்டு வெறுங்காலோடு புறப்பட்டாள். புறப்படும்போது வாசல்படியில் கால் வைத்து ஏறியதால் வித்தியாசம் தெரியவில்லை. வழியெல்லாம் தெரியவில்லை. ஆரணி ரோடு புதுவாயலில் நெடுஞ்சாலையைத் தொடுகிற கூட்ரோட்டில், சென்னையிலிருந்து ஒரு டிரெயிலர் வருவதைப் பார்த்து நிறுத்தினாள். இடது காலை இறக்கினாள். தரை இருக்க வேண்டிய இடத்தில் தரை இல்லை. கால் துழாவிக்கொண்டே போயிற்று. வண்டியும் அவளும் அவசரமில்லாமல், சொல்லிவைத்ததுபோல, இடது பக்கம் படுத்தார்கள்.

கூட்ரோட்டில் டீக்கடை வைத்திருந்த அஞ்சம்மாள் பாலை அடுப்பிலேயே விட்டு ஓடிவந்தாள்.

"எம்மாடி! அடி பட்டுச்சா?"

"அடியெல்லாம் இல்லக்கா. பூமி எங்க போச்சுன்னு பாத்தேன்."

அன்று பஞ்ச் விழுந்தது ஐந்து நாற்பத்தொன்பது. முதல் லேட்.

சாயங்காலம் விஷயத்தைக் கேட்டதும் பூமிகா தன் நோட்டை எடுத்துப் பார்த்தாள். எல்லா எண்ணும் சரி. மூன்று தடவை அளந்திருந்தாள். மூன்று தடவையும் அம்மா கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்து உட்கார்ந்திருந்தாள். மூன்று தடவையும் ஷூவோடு. பூமிகா கண்ணில் ஷூ படவில்லை. பாய் கண்ணிலும் படவில்லை. சிப்காட்டுக்குப் போய்வருகிற பெண்களின் காலில் அதைப் பார்த்துப் பார்த்து, அது காலாகவே ஆகிவிட்டது. வேண்டுதல் யாருக்காகவோ, அவளேதான் ஆடியை மறந்திருந்தாள்.

"இன்னும் நாப்பத்தாறு எறக்கணும் பாய்" என்று கடையில் போய் நின்றாள்.

ஹயாத் பாஷா சீட்டு உறையைப் பிரித்துக் காட்டினார். "இதுக்கு அடியில தகடும்மா. தகட்டு மேல உக்காந்து போனா ஆடி முடியறதுக்குள்ள உங்கம்மா முதுகு முடிஞ்சிரும்."

"அப்ப நான் கொண்டுபோய் வுடறேன்" என்றாள் பூமிகா வீட்டுக்கு வந்து.

"முப்பது நாளு நீ வுட்டா, லீடரு நீதான்."

"ஒரு மாசம் சாக்ஸாவது போட்டுக்கோம்மா. அடியில ரப்பர் ஒட்டித் தரேன்."

"கால்ல இன்னாத்தக் கட்டுனாலும் அது செருப்பு தாண்டி. அம்மாவ ஏமாத்த டிப்ளமோ பத்தாது."

தேசப்பன் போனில் ஒரு வழி சொன்னார். அம்மனிடம் தானே பேசிச் சரிக்கட்டுவதாக. "உன் பேச்ச நானே கேக்க மாட்டேன், அம்மன் கேக்கப் போவுதா?" என்று சின்னப்பொண்ணு போனை வைத்துவிட்டாள்.

பிறகு தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வண்டிய இதுக்கு மேல எறக்க முடியாதுன்றாரு. சரி. நான் எங்கெங்க நிக்கிறேனோ அங்கங்க தரைய ஏத்திக்கிறேன்."

மறுநாள் காலை அரை மணி முன்னதாகக் கிளம்பினாள். கையில் ஒரு டப்பாவில் குழைத்த மஞ்சள். வழியில் அவள் நிற்க வேண்டிய இடங்கள் மொத்தம் ஐந்து. ஒவ்வொன்றிலும் இடது பக்கம் கால் வைக்க ஏதாவது மேடு உண்டா என்று தேடினாள். பாலத்தின் கைப்பிடித் திட்டு. பேருந்து நிறுத்தத்தின் படி. ஒரு மைல்கல். சிப்காட் வளைவில் நடைபாதை விளிம்பு. கூட்ரோட்டில் மட்டும் ஒரு பக்கம் கால்வாய். மற்றபடி வெறும் மண். அதில் பாதி புதைந்த ஒரு கருங்கல் கிடைத்தது. ஒரு சாண் உயரம். அஞ்சம்மாள் கடை அப்போது திறந்திருக்கவில்லை. ஐந்து இடத்திலும் ஒரு கட்டைவிரல் மஞ்சள் தீற்றினாள். கம்பெனியில் தரை முழுக்க மஞ்சள் கோடுதான். மஞ்சள் இருந்தால் இங்கே நில் என்று அர்த்தம். அரையிருட்டில் ஹெட்லைட் பட்டதும் மஞ்சள் பளிச்சென்று தெரியும். அவள் நிறுத்துவாள். கால் கல்லில் பதியும். ராணிபோல நிற்பாள்.

மூன்று நாள் ஒரு குறையுமில்லை. மற்ற நான்கு மஞ்சளும் கடைசி வரை மஞ்சளாகவே இருந்தன.

கூட்ரோட்டுக் கல்லுக்குத்தான் வினை வந்தது. முதல் ஆடி வெள்ளியன்று அதன் மஞ்சளுக்கு நடுவில் ஒரு குங்குமப் பொட்டு இருந்தது. சின்னப்பொண்ணு திடுக்கிட்டாள். பொட்டில் படாமல் ஓரமாகக் காலை வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு போனாள். திங்களன்று ஒரு கொத்து வேப்பிலை. காலின் நுனிவிரலை மட்டும் வைத்தாள். அடுத்த செவ்வாய் ஓர் எலுமிச்சம்பழம். பழத்தை ஏதோ லாரி தட்டிவிட்டுப் போயிருந்தது; அவளுக்குக் கொஞ்சம் இடம் கிடைத்தது. நாலாவது வாரம் ஒரு வியாழக்கிழமை, ஹெட்லைட் வெளிச்சத்தில் கல் சிவப்புப் பாவாடை கட்டிக்கொண்டு நின்றது. இரண்டு கண்கள் வரைந்திருந்தன. அவை அவளைப் பார்த்தன.

காலைத் தூக்கியவள் தூக்கியபடியே இருந்தாள். வைக்க இடமில்லை. வண்டி வலது பக்கம் சாய்ந்தது.

அஞ்சம்மாள் ஓடிவந்து தூக்கினாள். ஹேண்டில் திரும்பிக்கொண்டது. அதை நிமிர்த்தப் பத்து நிமிஷம். சின்னப்பொண்ணு பரபரத்துக்கொண்டிருக்கும்போது அஞ்சம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ரகசியம் சொன்னாள்.

"வுழுந்தாலும் அடிபடாம வுழுந்த பாரு. அவ காப்பாத்திட்டா. உனக்குத் தெரியாதில்ல? ஆடி ரெண்டாந் தேதி காலைல வந்து பாக்கறேன், கல்லுல மஞ்சள் வெச்சிருக்குது. யாரும் வெக்கல. நானும் எல்லாரையும் கேட்டுட்டேன். தானா வந்துருக்குது."

சின்னப்பொண்ணு வாயைத் திறந்தாள். அஞ்சம்மாள் கண்ணில் தண்ணீர் நின்றது. அவளுக்குப் பிள்ளைகள் இல்லை, புருஷன் இல்லை, ராத்திரி பகலாக லாரிக்காரர்களுக்கு டீ போடுகிற வேலை மட்டும் இருந்தது.

"தானாவாக்கா?" என்றாள் சின்னப்பொண்ணு.

"தானா!"

"நல்லதா போச்சு" என்று வண்டியைக் கிளப்பினாள். பஞ்ச் ஐந்து ஐம்பத்தொன்று. இரண்டாவது லேட். யேசுதாஸ் இரண்டு விரலைக் காட்டினார்.

அன்று வீட்டுக்கு வந்து சொன்னபோது சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் வந்துவிட்டது. பூமிகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதானே என்றாள்.

"இன்னான்னு சொல்றது? அது சாமி இல்லக்கா, என் கால் வெக்கிற கல்லுன்னா? அவ தெனமும் குளிச்சி, பூ வாங்கியாந்து வெக்கிறாடி. கடைய தொறக்கற நேரத்துக்கு முன்ன." பிறகு குரலை இறக்கினாள். "அதில்லாம, நான் வெச்ச மஞ்சள்னு நீ சொல்ற. என்ன வெக்க வெச்சது யாரு?"

இதற்கு லேபில் எந்தக் கருவியும் இல்லை. பூமிகா விட்டுவிட்டாள்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் அஞ்சம்மாளே வந்து நின்றாள். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ரோட்டோரம் தோளைக் கொடுத்தாள். சின்னப்பொண்ணு ஒரு கையை அவள் தோளில் ஊன்றி, டிரெயிலர் போகிற வரை சாய்ந்து நின்றாள். "நீ இன்னா, என்னவே சைடு ஸ்டாண்டு ஆக்கிட்ட" என்று அஞ்சம்மாள் அலுத்துக்கொண்டாள். அவளுக்கு அது பிடித்திருந்தது.

நடுவில் ஒரு நாள் மின்தடைக்காகக் கம்பெனி லீவு விட்டிருந்ததால், முப்பதாவது நாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்து விழுந்தது. வழக்கமாக லீவு. ஏற்றுமதி லோடு பாக்கி இருந்ததால் ஷிப்ட் போட்டிருந்தார்கள். ஆடி ஞாயிறு. பெரியபாளையத்துக்குப் போகிற ஜனம் முழுக்கப் புதுவாயலில் திரும்பும் என்று அவளுக்குத் தெரியும். முக்கால் மணி முன்னதாகவே கிளம்பினாள். போதவில்லை. எதிரே வந்த கூட்டத்தில் ஊர்ந்து ஊர்ந்து வந்தவளுக்குக் கூட்ரோட்டுக்கு நூறு அடி முன்பே வழி அடைத்துக்கொண்டது. மினி லாரிகள், டிராக்டர்கள், மேளம், வேப்பிலைக் கொத்து, தலையில் பொங்கல் பானை. அஞ்சம்மாளின் கல்லைச் சுற்றி மட்டும் முப்பது நாற்பது பெண்கள். கல்லுக்கு முன்னால் கற்பூரம் எரிந்தது. அஞ்சம்மாள் நடுவில் நின்று விபூதி கொடுத்துக்கொண்டிருந்தாள். தோள் கொடுக்க அவள் வர முடியாது.

மணி ஐந்து பதினாறு. சின்னப்பொண்ணு வண்டியின் வேகத்தைக் குறைத்தாள், குறைத்தாள், இனி குறைக்க முடியாது என்கிற இடத்தில் பக்கத்தில் யாரென்று பார்க்காமல் கையை நீட்டி ஒரு தோளைப் பிடித்தாள். மஞ்சள் சேலை கட்டிய ஒரு பெரிய பொம்பளை. அவள் கோபமாகத் திரும்பினாள். யூனிபார்ம் போட்ட ஒரு சிறு உருவம், டாங்க் மேல் தொங்குகிற ஷூ, அந்தரத்தில் ஆடுகிற இரண்டு வெறுங்கால்கள், மணிக்கட்டில் காப்பு.

"இன்னாம்மா, காப்புக் கட்டிக்கினு வேலைக்கா போற?"

"ஆமாக்கா. அஞ்சே முக்காலுக்குப் போவலன்னா என் லீடர் வேலை போயிடும். எறங்கித் தள்ளலாம்னா, எறங்கவும் எட்டல."

அந்தப் பொம்பளை திரும்பி ஒரு சத்தம் போட்டாள். மேளத்தையும் மீறிக் கேட்டது. "ஏய்! புடிங்கடி! காப்புக்காரம்மா போவணும்!"

நாலு பக்கமும் கைகள் வந்தன. ஒருத்தி ஹேண்டிலை, ஒருத்தி பின்சீட்டை, இரண்டு பேர் இரு பக்க ஃபுட்ரெஸ்டை. சின்னப்பொண்ணு இன்ஜினை அணைத்துவிட்டாள். வண்டி கூட்டத்துக்குள் நகர்ந்தது. முன்னால் இருந்தவர்கள் விலகினார்கள், விலகியவர்கள் பிடித்துக்கொண்டார்கள். கால் தரையில் படாமல் அவள் கைமாறிக் கைமாறிப் போனாள். யாரோ குலவையிட்டார்கள். யாரோ அவள் ஹெல்மெட்டின் மேல் பூவை எறிந்தார்கள். கல்லைத் தாண்டும்போது அஞ்சம்மாள் பார்த்துவிட்டாள். கூட்டத்துக்கு மேலே மிதந்து வருகிற சின்னப்பொண்ணைப் பார்த்து, ஒரு நொடி எல்லாவற்றையும் மறந்து கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். சின்னப்பொண்ணு சிரிப்பை அடக்க முடியாமல் தலையை ஆட்டினாள். நெடுஞ்சாலை விளிம்பில் இறக்கிவிட்டு, முதுகில் ஒரு தட்டுத் தட்டி அனுப்பினார்கள்.

மணி ஐந்து இருபத்தைந்து. அன்று அவள் எவ்வளவு வேகத்தில் போனாள் என்பதைப் பூமிகாவிடம் கடைசிவரை சொல்லவில்லை.

கம்பெனி கேட்டில் நின்றபோது ஐந்து நாற்பத்துமூன்று. ஷூ இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். லேஸ் இரண்டும் ஒன்றோடொன்று முடிந்திருந்தன. அவசரத்தில் இழுத்ததில் முடிச்சு இறுகியது. காவலுக்கு இருந்த ஜெனிபர் கூண்டிலிருந்து வெளியே வந்து தரையில் உட்கார்ந்தாள். பல்லால் முடிச்சை அவிழ்த்தாள்.

"இந்தக் காலு நானு. அந்தக் காலு நீ. சீக்கிரம்கா, சாரு வாசல்ல நிக்கறாரு."

யேசுதாஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பஞ்ச் மெஷின் பக்கத்தில் நின்றார். சின்னப்பொண்ணு அவரைத் தாண்டி ஓடி விரலை வைத்தாள். மெஷின் பீப் என்றது. அவர் தன் கடிகாரத்தைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். ஹெல்மெட்டில் ஒட்டியிருந்த சாமந்திப் பூவைப் பார்த்தார்.

"என் வாட்ச்சுல நாப்பத்தாறு" என்றார்.

சின்னப்பொண்ணு மூச்சு வாங்கினாள்.

"மெஷின்ல நாப்பத்தஞ்சுன்னுதான் காட்டுது. கம்பெனி மெஷினதான் நம்பும்." திரும்பி நடந்தார். பத்தடி போய், "நாலாவது லைனு லீடர் இங்க நின்னா, நைட்டு ஷிப்ட்காரன் ஓடிடுவான்" என்றார்.

அவள் ஒன்றரை வருஷம் லீடராக இருந்தாள். நாலாவது லைனில் திரும்பி வந்த சரக்கு அந்த ஒன்றரை வருஷமும் மற்ற லைன்களைவிடக் குறைவு. லீடர் ஆனதும் முதலில் கேட்டது மூன்றாம் நம்பர் ஷூ. வந்தது. போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். மாடி இல்லாமல் மெஷின் பட்டன் எட்டவில்லையாம்.

போன தை மாதம் காய்ச்சல் என்று படுத்தாள். பத்தொன்பது நாள். எழுந்து உட்காரவில்லை.

காரியம் முடிந்து ஹயாத் பாஷா வீட்டுக்கு வந்தார். பழைய ஷாக் அப்சார்பரும் பழைய நுரையும் எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னார். ஒரு மணி நேர வேலை, வண்டி பழைய உயரத்துக்கு வந்துவிடும் என்றார். தேசப்பன் மகளைப் பார்த்தார். "வேணாம் பாய்" என்றாள் பூமிகா. பாய் செயினுக்கு எண்ணெய் விட்டுவிட்டுப் போனார்.

இப்போது பூமிகாதான் அந்த வண்டியில் வேலைக்குப் போகிறாள். ஐந்து அடி ஏழு அங்குலம். முழங்கால் ஹேண்டிலில் இடிக்கிறது. நின்றால் இரண்டு காலும் மடங்கித் தரையில் கிடக்கின்றன. தேசப்பன் பின்னால் உட்கார்ந்தால் இரண்டு வெட்டுக்கிளிகள் போவதுபோல இருக்கிறது என்று ஊரில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

இந்த வருஷம் ஆடி இரண்டாம் தேதி காலை அவள் கூட்ரோட்டில் நிறுத்தினாள். கல்லுக்கு மேலே தகரக் கூரை வந்திருந்தது. பாவாடை புதிது. மழையில் மஞ்சள் வெளுத்திருந்தது. பூமிகா பையிலிருந்து டப்பாவை எடுத்தாள். சாலையைப் பார்த்த பக்கத்தில், ஹெட்லைட் விழுகிற இடத்தில், ஒரு கட்டைவிரல் அகலத்துக்குத் தீற்றினாள்.

டீக்கடையிலிருந்து அஞ்சம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். அருகே வந்தாள். மஞ்சளைப் பார்த்தாள். பூமிகாவின் கட்டைவிரலைப் பார்த்தாள்.

"அன்னிக்கு வெச்சது அவதானா?" என்றாள் கடைசியில்.

பூமிகா ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

அஞ்சம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே குனிந்து, அந்த மஞ்சளின் நடுவில் குங்குமம் வைத்தாள்.

"நேரமாவுது பாரு, கெளம்பு" என்றாள். "டிரெயிலர் போவட்டும். இரு, புடிச்சிக்கிறேன்."

பிடிக்கத் தேவையில்லை. இரண்டு காலும் தரையில்தான் இருந்தன. ஆனாலும் பூமிகா அவள் தோளில் கையை ஊன்றி, டிரெயிலர் போகிறவரைக்கும் சாய்ந்து நின்றாள்.